தங்கையின் நிச்சயதார்த்தத்தில் அல்வா நீலமானது

சந்தேகப்படுவதற்காகவே மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவனைக் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுக்குள் விடக் கூடாது. எங்கள் குடும்பத்தில் இது எழுதப்படாத சட்டம். இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் நான் ஒருவன்தான். (என் சித்தப்பா ஒருவர் போலீஸ்காரர். அவருக்குக்கூடத் தடை கிடையாது.)

சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. மற்றவர்கள் ராப்பகலாக எழுதிக் கொண்டுவருகிற நிரலை வாங்கி, அதில் என்ன தப்பு என்று கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைப் பல வருஷம் செய்தால் மனிதன் ஒரு மாதிரி ஆகிவிடுவான். நானும் ஆனேன். வீட்டில் அம்மா காபி கொடுத்தால் முதலில் டம்ளரின் அடியைப் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. கார்ன்ஃபிளார் என்கிற பெயரில் நாம் பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று ஒருவர் கண்ணீர் விடாத குறையாகப் பேசினார். அதைத் தொடர்ந்து இன்னொரு வீடியோ. பன்னீரில் மாவு கலந்திருந்தால், காயத்துக்குப் போடுகிற டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள், நீலமாகிவிடும் என்றது அது. முதலாவது புளுகு, இரண்டாவது உண்மை. எனக்கு இரண்டும் ஒரே கைபேசியில்தான் வந்தன. ஆகவே இரண்டையும் ஒரே மாதிரி நம்பினேன்.

துடியலூரில் நாங்கள் வழக்கமாக வாங்கும் ஒரு கடையின் பன்னீரில் சொட்டு விட்டுப் பார்த்தேன். நீலமானது. உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பினேன். அவர்கள் வந்து சோதித்தார்கள். மாவு கலந்தது நிஜம்தான் என்று தெரிந்து, கடைக்காரர் அந்தப் பன்னீரை விற்பதையே நிறுத்தினார். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் எனக்குக் கைதட்டல் படங்கள் குவிந்தன. பெரியப்பா ஒருவர், "நம்ம குடும்பத்துல ஒரு விஞ்ஞானி" என்றே எழுதினார்.

அந்த ஒரு வெற்றிதான் என்னைக் கெடுத்தது. அன்று முதல் டிங்சர் பாட்டில் என் சட்டைப் பையிலேயே இருந்தது. தக்காளி சாஸ் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்து, 'கெட்டியாக்கும் பொருள்' என்று போட்டு ஓர் எண் இருப்பதைக் கண்டுபிடித்தேன். எண் போட்டிருந்தால் விஷம் என்று நானே தீர்மானித்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாட்டிலைத் தூக்கி எறிந்தார். (அந்த எண்ணே, இதைச் சேர்க்கலாம் என்று சட்டம் அனுமதித்த பொருளுக்குத்தான் கிடைக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. சாஸ் திரும்பி வரவில்லை.)

இப்படி நான் ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோதுதான் தங்கை நந்தினிக்கு வரன் அமைந்தது.

அது லேசில் அமைந்த வரன் இல்லை. ஜாதகம் பொருந்தினால் இரு வீட்டாரின் பேச்சு பொருந்தாது. பேச்சு பொருந்தினால் நந்தினியின் மனசு பொருந்தாது. கடைசியில் உடுமலைப்பேட்டையிலிருந்து செந்தில் வந்தார். அமைதியான மனிதர். நந்தினி சிரித்தால், ஏன் சிரித்தாள் என்று யோசித்துவிட்டுத் தானும் சிரிப்பார். அவளுக்குப் பிடித்துப்போனது. அவர்களுக்குத் தென்னந்தோப்பும், மக்காச்சோளம் விளைகிற காடும் இருந்தன. அந்தச் சோளம் வருஷாவருஷம் ஸ்டார்ச் எடுக்கிற ஆலைக்குத்தான் போகும். கார்ன்ஃபிளார் என்று கடையில் விற்கிறார்களே, அதற்கு.

நிச்சயதார்த்தம் துடியலூரில் எங்கள் பக்கம். சமையல் மட்டும் அவர்கள் பக்கம். செந்திலின் தாய்மாமன் பொன்னுச்சாமி சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். எங்கள் வீட்டுக்கு வந்து அவரே கேட்டார்.

"சமையலு என்னோட பொறுப்புங்க. மருமகனுக்கு நிச்சயம். வேற ஒருத்தன் கரண்டி புடிச்சா எனக்கு மனசு ஒப்பாதுங்க."

அப்பா நெகிழ்ந்துபோய்ச் சரி என்றார்.

நிச்சயத்தன்று காலை அப்பா என்னைக் கூப்பிட்டார். "சமையக்கட்டுல மாமாவுக்கு எதாச்சு வேணுமான்னு ஒரு எட்டு கேட்டுட்டு வந்துரு."

போனேன். பொன்னுச்சாமி மாமா பெரிய உருளியின் முன்னால் நின்று தன் கையாலேயே கிண்டிக்கொண்டிருந்தார். உருளிக்குள் சிவப்பாக ஏதோ கொதித்தது. வெள்ளையாகக் கரைத்த ஒரு திரவத்தை அதில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அது கெட்டிப்பட்டு, பளபளத்து, கரண்டியைத் தூக்கினால் கூடவே இழுபட்டு வந்தது.

"என்னங்க மாமா இது?"

"கார்ன்ஃபிளார் அல்வாங்க தம்பி. பாருங்க, கண்ணாடியாட்டம் வருது! உள்ள முந்திரி தெரியோணும். அப்பத்தான் பதம்."

எனக்கு வீடியோக்காரரின் குரல் காதுக்குள் கேட்டது. பிளாஸ்டிக் இழுபடும், பளபளக்கும், ஊடுருவித் தெரியும். அனைத்து அறிகுறிகளும் உருளிக்குள் இருந்தன. இருந்தாலும் பொறுத்துக்கொண்டு திரும்பினேன். திரும்பிய இடத்தில் சுவரோரம் ஒரு சாக்கு நின்றது. நிறைந்து, வாய் கட்டி, கம்பீரமாக. அதன் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது:

மக்காச்சோள ஸ்டார்ச். நெசவாலை உபயோகத்திற்கு மட்டும். உணவுக்கு அல்ல.

கோயம்புத்தூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட ஆலைகள் வாங்குகிற மாவு அது. இதுவரை நான் பார்த்த குற்றங்களெல்லாம் பன்னீர் அளவு. இது மண்டபம் அளவு.

இந்த இடத்தில் நியாயமான மனிதன் என்ன செய்வான்? "மாமா, இந்தச் சாக்குல என்னங்க?" என்று கேட்பான். நானும் கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் சம்பந்தி வீட்டுத் தாய்மாமனைப் பார்த்து, நிச்சயத்தன்று அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பட்டது. எனவே மரியாதையாக வெளியே வந்து, சாக்கின் படத்தோடு அரசாங்கத்துக்குப் புகார் அனுப்பினேன்.

மேடையில் எங்கள் பக்கத்து வழக்கப்படி உப்புச் சர்க்கரை மாற்றினார்கள், தட்டும் மாற்றியாயிற்று. நந்தினி நாணத்தோடு நின்றாளாம். நான் எதையும் பார்க்கவில்லை. என் கண் அல்வாத் தட்டின் மேல் இருந்தது. முதல் பந்தி உட்கார்ந்ததும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கைகழுவுமிடத்துக்குப் போனேன். இலைத் துண்டில் வைத்து டிங்சரை ஒரு சொட்டு விட்டேன்.

சிவப்பு அல்வா கருநீலமானது.

ஓடிப்போய் அப்பாவின் காதில் சொன்னேன். அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி உருவான குரல். ரகசியம் பேசுகிறோம் என்று அவர் நினைப்பது, மற்றவர்களுக்கு அறிவிப்பு.

"என்னது, மில்லு மாவுலயா அல்வா கிண்டிப்போட்டாங்க?" என்று அப்பா ரகசியமாகக் கேட்டார்.

பந்தி நின்றது. எடுத்த கைகள் அப்படியே நின்றன. ஒரு தாய், குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு அல்வாவை வெளியே எடுத்தார். குழந்தை அல்வாவுக்காக அழுதது. என்னை விஞ்ஞானி என்று எழுதிய பெரியப்பா, ஏற்கெனவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். "எனக்கு அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சுங்க" என்றார்.

நான் நீலமான இலைத் துண்டை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் பிடித்தேன்.)

செந்திலின் அப்பா எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "ஏனுங்க தம்பி, எங்க காட்டு மக்காச்சோளத்துலதானுங்க அந்த மாவையே எடுக்கறாங்க. அது வெசமுன்னா, நாங்க இத்தன வருசமா வெசத்தயா வெளைய வெச்சுட்டு இருக்கறோமுங்க?"

எங்கள் பக்கத்து மனிதர்களுக்குக் கோபம் ஏற ஏற வார்த்தையில் 'ங்க' கூடும். அவர் பேச்சில் 'ங்க' கூடியதைக் கேட்டதும் உயர்த்திய இலைத் துண்டைக் கீழே இறக்கினேன்.

சமையல்கட்டு வாசலில் பொன்னுச்சாமி மாமா வந்து நின்றார். கையில் கரண்டி இருந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே" என்றார்.

நந்தினி மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சந்திக்கவில்லை. ஏனென்றால் அதே நேரம் மண்டப வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். நடுவயதுப் பெண்மணி, கூடவே சாம்பிள் பெட்டியைச் சுமந்தபடி ஓர் உதவியாளர். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்பதில் அவர் மிகக் கவனமாக இருந்தார். உள்ளே வந்து யாரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஓர் ஓரமாக நின்று, கைபேசியை எடுத்து, புகாரில் இருந்த எண்ணை அழுத்தினார்.

அமைதியாக இருந்த மண்டபத்தில் என் சட்டைப் பை மணியடித்தது.

உள்வீட்டு விஷயமாக இருந்தது, அந்த மணியோசையில் அரசாங்க விஷயமாகிவிட்டது. செந்திலின் அப்பா என்னைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா தன் வாழ்க்கையில் முதன்முறையாக நிஜமான ரகசியக் குரலில், "ஆப்பீசருக்கும் நீதான் சொன்னியாடா?" என்று கேட்டார்.

"புகார் வந்துட்டா நாங்க பாத்தே ஆகோணுமுங்க" என்று அலுவலர் பொன்னுச்சாமி மாமாவிடம் தன்மையாகச் சொன்னார். "அந்தச் சாக்கு எங்கீங்க?"

நான்தான் கூட்டிப் போனேன். பின்னால் பாதி மண்டபம் வந்தது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவனைப் போல விறைப்பாக நின்று சாக்கைக் காட்டினேன். அலுவலர் எழுத்தைப் படித்தார். நெற்றி சுருங்கியது. உதவியாளர் கட்டை அறுத்துச் சாக்கைச் சாய்த்தார்.

உள்ளேயிருந்து தேங்காய்கள் உருண்டு வந்தன.

ஒன்று, இரண்டு என்றில்லை. மொத்தச் சாக்கும் தேங்காய். தடதடவென்று சமையல்கட்டு முழுக்க உருண்டன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வழிவிட்டார்கள். ஒரு தேங்காய் மட்டும் வாசற்படி தாண்டி, பந்திக்குள் போய், பெரியப்பாவின் காலடியில் நின்றது.

"எங்க தோப்புக் காய்ங்க" என்றார் பொன்னுச்சாமி மாமா. "தாம்பூலப் பைக்குப் போடலாமுன்னு உடுமலையில இருந்து கொண்டாந்தனுங்க. பழைய சாக்குங்க அது. கெட்டியா இருக்குதேன்னு போட்டுக் கட்டுனமுங்க."

"அல்வாவுக்கு மாவு?"

பக்கத்து அறையிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தார். வரிசையாகப் பாக்கெட்டுகள். அலுவலர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். தயாரித்த ஆலையின் பெயர், உரிம எண், பொட்டலமிட்ட தேதி, எதுவரைக்கும் பயன்படுத்தலாம் என்கிற விவரம், சைவப் பொருளுக்கான பச்சைப் புள்ளி. எல்லாம் இருந்தன. சாப்பாட்டுக்கென்றே தயாரித்த மாவு.

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "மேடம், அல்வா நீலமாச்சுங்களே?"

"அந்த பாட்டிலக் குடுங்க" என்று கை நீட்டினார். குண்டானிலிருந்து வெறும் சோற்றை ஓர் இலையில் எடுத்து வைக்கச் சொல்லி, அதன் மேல் ஒரு சொட்டு விட்டார். சோறு கருநீலமானது.

"அரிசியிலயும் ஸ்டார்ச்தானுங்க. உங்க ஊட்டு இட்லியில உட்டாலும் நீலமாத்தான் ஆகும். ஸ்டார்ச் இருக்குதான்னு மட்டுந்தான் இந்த மருந்து சொல்லும். அது நல்லதா கெட்டதான்னு சொல்லாது. பாலுலயும் பன்னீருலயும் மாவு இருந்தாத் தப்பு. ஏன்னா அது பால்னு சொல்லி மாவை விக்கறது. அல்வாவே கார்ன்ஃபிளார் அல்வா. அதுல மாவு இல்லீன்னாத்தானுங்க நீங்க புகார் குடுக்கோணும்."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். பெரியப்பாவின் வயிற்றுவலி அந்த நிமிஷமே குணமானது.

நான் குனிந்த தலை நிமிரவில்லை. அலுவலருக்கே பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். "சாக்கைப் பாத்துச் சந்தேகப்பட்டது தப்பில்லீங்க" என்றார். "ரெண்டும் ஒரே மக்காச்சோளந்தான். ஆனா மில்லுக்குப் போற மாவுல பூஞ்சை புடிக்காம இருக்க எதாச்சும் சேத்திருப்பாங்க. அத யாரும் சாப்பாட்டுக்குன்னு சோதிச்சுப் பாக்கறதில்ல. தேங்காயே ஆனாலும் இந்தச் சாக்கு சமையக்கட்டுக்குள்ள வேண்டாமுங்க." இதைப் பொன்னுச்சாமி மாமாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க தொறந்து பாத்துட்டு அனுப்பியிருக்கலாம்."

ஆய்வகத்துக்கு அனுப்ப முறைப்படி அல்வாவைப் பங்கு பிரித்து, பாட்டில்களில் அடைத்து, அரக்கு முத்திரை வைத்தார்கள். சாட்சியாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. யாரும் முன்வராததால் மாப்பிள்ளை செந்திலே போட்டார். நிச்சயதார்த்தத்தன்று அவர் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். ஜீப் போயிற்று.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மறுபடி பந்தி நடந்தது. சாம்பார் போயிற்று, ரசம் போயிற்று. அல்வாவை மட்டும் யாரும் தொடவில்லை. மாவு நல்ல மாவு என்று அலுவலர் சொன்னதைக் கேட்டவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் இலை ஓரத்தில் அல்வா அப்படியே இருந்தது. கிளப்பிவிட்ட சந்தேகத்தைத் திரும்ப அள்ளுவதற்கு எந்தத் துறையிலும் ஆள் இல்லை. பொன்னுச்சாமி மாமா வாசலில் நின்று இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்பிருந்து கிண்டிய கை, தோளில் கிடந்த துண்டைப் பிசைந்துகொண்டிருந்தது. அன்று நான் பார்த்தவற்றில், இன்றைக்கும் நினைத்தால் சங்கடமாக இருப்பது அந்தக் கைதான்.

அப்போது நந்தினி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். பட்டுப்புடவையோடு பந்தியில் உட்கார்ந்தாள்.

"மாமா, எனக்கு அல்வா வெக்கறீங்களா?"

"அம்மணி, நீ…"

"நெறையா வெய்ங்க மாமா."

அவர் வைத்தார். அவள் சாப்பிட்டாள். யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல், பசித்தவள் சாப்பிடுவதைப் போலச் சாப்பிட்டாள். செந்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தானும் இலை போடச் சொன்னார். அழுத குழந்தை தாயின் கையிலிருந்து நழுவி, இலையிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பந்தி மெல்ல அல்வாப் பக்கம் திரும்பியது.

"நீயும் உக்காரு" என்றாள் என்னிடம்.

உட்கார்ந்தேன். பொன்னுச்சாமி மாமாவே வந்து பரிமாறினார். ஒரு துண்டு வைத்தார். சாப்பிட்டேன். இன்னொன்று வைத்தார். "போதுங்க மாமா" என்றேன். "நல்லாப் பாத்துச் சாப்புடுங்க தம்பி, சந்தேகம் இருக்கக் கூடாதுங்களே" என்று மேலும் வைத்தார். முகத்தில் சிரிப்பில்லை, கோபமுமில்லை. வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு அன்று இல்லை. அவர் வைத்ததை எல்லாம் தின்றேன். தித்திப்பில் காது அடைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அருமையான அல்வா அது. முந்திரி உள்ளே கண்ணாடிக்குள் இருப்பது போலத் தெரிந்தது.

கைகழுவும்போது நந்தினி பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, உன்ற மேல கோவமில்ல. எல்லாருக்கும் நல்லதுன்னுதான் பண்ணுன. ஆனா நீ இன்னிக்கு அல்வாவப் பாத்த, சாக்கப் பாத்த. என்ற மொகத்த ஒருக்காவாச்சும் பாத்தியா?"

அவள் நெற்றியில் வைத்திருந்த பொட்டுகூட அப்போதுதான் கண்ணில் பட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, அழகாக இருந்தது. அதைச் சொன்னேன். "இப்பச் சொல்லு" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆய்வகத்திலிருந்து அறிக்கையும் வந்தது: மாவு, நிறம் எல்லாமே வரையறைக்குள்தான், குறையொன்றும் இல்லை. பொன்னுச்சாமி மாமா அதை லேமினேஷன் செய்து வைத்துக்கொண்டு, "கவுருமெண்டு பாஸ் பண்ணுன அல்வாங்க" என்று புதிதாக ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் காட்டுகிறார். எனக்குத் தெரிந்து, உடுமலை வட்டாரத்தில் வேறு எந்த அல்வாவுக்கும் இந்தப் பெருமை இல்லை.

எனக்கு வாய்த்தது வேறு. இரு குடும்பத்திலும் யாராவது எதையாவது அரைகுறையாகக் கேட்டுவிட்டுக் குதித்தால், "சாக்க அவுத்துப் பாத்தியா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் இருக்கிறேனே என்று யாரும் தயங்குவதில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். செய்தி எங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது.

பொன்னுச்சாமி மாமா என்னை மன்னித்தாரா என்று ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது. பிறகு ஒருநாள் அவரிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. கார்ன்ஃபிளார் பாக்கெட்டின் பின்பக்கம். "தம்பி, இது சரிங்களா?" உரிம எண்ணையும் தேதியையும் சரிபார்த்து, "சரிங்க மாமா" என்று அனுப்பினேன். அடுத்த முகூர்த்தத்துக்குக் கஸ்டர்டு பவுடர். அதற்கடுத்து ஜவ்வரிசி, சேமியா, எண்ணெய் டின். இப்போது அவர் எந்த விசேஷத்துக்குச் சாமான் வாங்கினாலும் முதலில் எனக்குத்தான் படம் வருகிறது. அலுவலகக் கூட்டத்தின் நடுவில், மேசைக்கு அடியில் கைபேசியை வைத்துக்கொண்டு நான் ரவைப் பாக்கெட்டைப் பரிசோதித்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஒரு படம் வந்தது. பெரிய மூட்டை. மக்காச்சோளத் தவிடு என்கிற பெயர், உரிம எண், தேதி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எந்தக் கல்யாணத்துக்கு இது என்று புரியாமல் போன் செய்தேன்.

"கல்யாணத்துக்கு இல்லீங்க தம்பி. அது நம்ம மாட்டுக்குங்க" என்றார். "நீங்க ஒரு வார்த்தை சரின்னுட்டீங்கன்னா அதும் நிம்மதியாத் திங்குமுங்க."